ஸ்டார் ட்ரெக் கட்டுரைகளை எந்த நடையில் எழுதுவது?

நெடுவழி:

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக நம் கலைக்களஞ்சியத்தில் ஸ்டார் ட்ரெக் என்னும் அமெரிக்க அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய கட்டுரைகளை எழுதி வருகிறேன். சென்ற வாரம் ஸ்பாக் கட்டுரையைத் திறந்தபோது, அதன் மேலே 'புனைவுக்குள்ளிருந்து எழுதப்பட்டுள்ளது, திருத்தி எழுத வேண்டும்' என்ற வார்ப்புரு (எச்சரிக்கைக் குறிப்பு) இடப்பட்டிருந்தது. வருத்தம் ஏதுமில்லை, ஆனால் எதை எப்படித் திருத்துவது என்பது எனக்குப் பிடிபடவில்லை. கட்டுரையின் முன்னுரை இப்படித் தொடங்குகிறது:

"ஸ்பாக் 23ஆம் நூற்றாண்டில் வல்கன் கோளில், சாரெக் என்னும் தூதருக்கும் அமாண்டா என்னும் பூமிப் பெண்ணுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையின் விருப்பத்துக்கு மாறாக ஸ்டார்ஃப்ளீட்டில் சேர்ந்து, என்டர்பிரைஸ் கப்பலின் அறிவியல் அலுவலராகப் பணியாற்றினார்."

தொடரைப் பலமுறை பார்த்தவன் என்ற முறையில் இதில் தகவல் பிழை எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். பிறகு குறை எங்கே இருக்கிறது? இதையொட்டி வேறு சில ஐயங்களும் உண்டு. கதைச் சுருக்கத்தை நிகழ்காலத்தில் எழுதுவதா, இறந்தகாலத்தில் எழுதுவதா? நாயகர்களுக்கு 'ஆர்' விகுதி இட்டால், வில்லன்களுக்கும் இயந்திர மனிதர்களுக்கும் என்ன இடுவது? பெயர்களை ஒலிபெயர்ப்பதா, மொழிபெயர்ப்பதா? நாவல்களில் மட்டும் வரும் தகவல்களைச் சேர்க்கலாமா? ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் நடைக் கையேட்டைப் படித்தேன். அது ஆங்கிலத்துக்கு எழுதப்பட்டது என்பதால், தமிழில் எழுதும்போது எழும் பாதிக் கேள்விகளுக்கு அதில் விடை கிடைக்கவில்லை.

பழைய_ஏடு:

வணக்கம் நெடுவழி. அந்த வார்ப்புருவை இட்டவன் நான்தான். பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதாமல் போனது என் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார் ட்ரெக் என்ற பெயரையே கேள்விப்படாத ஒரு பள்ளி ஆசிரியர் உங்கள் முன்னுரையைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்பாக் உண்மையில் வாழ்ந்தவரா, புராணத்தில் வருபவரா, திரையில் வருபவரா என்பதை அந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து அவரால் அறிய முடியாது. நான் எழுதியிருந்தால் இப்படித் தொடங்கியிருப்பேன்:

"ஸ்பாக், ஜீன் ராடன்பெரி உருவாக்கிய ஸ்டார் ட்ரெக் என்னும் அமெரிக்க அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரில் வரும் கதைமாந்தர். 1966 முதல் 1969 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் தொடரிலும் பின்னர் வந்த திரைப்படங்களிலும் லியோனார்ட் நிமோய் இப்பாத்திரத்தில் நடித்தார். 2009ஆம் ஆண்டுத் திரைப்படத்திலிருந்து சக்கரி குவின்டோ இதே பாத்திரத்தை ஏற்றார். கதையின்படி, ஸ்பாக் வல்கன் தந்தைக்கும் மனிதத் தாய்க்கும் பிறந்தவர்."

நீங்கள் சொன்ன பிறப்புச் செய்தி இதிலும் இருக்கிறது. 'கதையின்படி' என்ற ஒரு சொல் அதற்கு உரிய இடத்தைக் கொடுத்துவிடுகிறது. இந்த நிலையிலிருந்து எழுதினால், கதைக்குள் நின்று எழுதும்போது நுழையவே வழியில்லாத செய்திகள் கட்டுரைக்குள் வருகின்றன. விரல்களைப் பிரித்துக் காட்டும் வல்கன் வணக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிமோய் சிறுவனாக இருந்தபோது பாஸ்டனில் யூதத் தொழுகைக் கூடம் ஒன்றில் குருமார் ஆசி வழங்கும்போது கையை வைத்திருந்த விதத்தைப் பார்த்திருந்தார். 1967இல் ஒளிபரப்பான 'அமோக் டைம்' அத்தியாயத்தின் படப்பிடிப்பில் அதை நினைவிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார். உங்கள் கட்டுரையில் இந்த வணக்கம் 'வல்கன் மக்களின் பழைமையான மரபு' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது, படிப்பவருக்கு அதனால் எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். டிரான்ஸ்போர்ட்டர் கட்டுரையிலும் இதே நிலைதான். பொருளை ஆற்றலாக மாற்றி அனுப்பும் முறை பற்றி நான்கு பத்திகள் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு வாரமும் கப்பல் ஒரு கோளில் தரையிறங்குவதைப் படமாக்கும் அளவுக்குத் தயாரிப்பில் பணம் இல்லாததால்தான் அந்தக் கருவியே கற்பனை செய்யப்பட்டது என்ற செய்தி எங்கும் இல்லை. அதை முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, கதையில் நடப்பதை நிகழ்காலத்திலும் தயாரிப்பில் நடந்ததை இறந்தகாலத்திலும் எழுதுங்கள். கப்பல் தலைவரான கிர்க் கட்டளை 'இடுகிறார்', நடிகர் ஷாட்னர் கிர்க்காக 'நடித்தார்'. ஓர் அத்தியாயத்தை எப்போது பார்த்தாலும் கதை அப்போதுதான் நிகழ்கிறது, படப்பிடிப்போ ஒரு முறை நடந்து முடிந்தது. நீங்கள் எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால், மெமரி ஆல்ஃபா தளத்திலிருந்து மொழிபெயர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2003இல் தொடங்கப்பட்ட அந்த ரசிகர் களஞ்சியம், ஸ்டார் ட்ரெக் உலகத்துக்குள் எங்கோ பிற்காலத்தில் அமர்ந்து வரலாறு எழுதுவதைப் போன்ற நடையை வேண்டுமென்றே கையாள்கிறது. அவர்களுடைய நோக்கத்துக்கு அது பொருத்தமானது, நம்முடைய நோக்கத்துக்குப் பொருந்தாது. மேலும் அவர்களின் உரை வணிகப் பயன்பாட்டுக்கு இடம் தராத உரிமத்தில் வெளியாகிறது. நம்முடைய உரிமம் அதற்கு இடம் தருகிறது. ஆகவே அங்கிருந்து பத்திகளை அப்படியே மொழிபெயர்த்து இங்கே சேர்ப்பது உரிமச் சிக்கலும் ஆகும்.

கதைச் சுருக்கத்தின் அளவுக்கு ஆங்கிலக் கையேடு திரைப்படத்துக்கு 400 முதல் 700 சொற்கள் வரையும், தொலைக்காட்சி அத்தியாயத்துக்கு 400 சொற்களுக்கு மிகாமலும் என்று வரையறுக்கிறது. தமிழில் ஒரு சொல்லே வேற்றுமை உருபையும் காலத்தையும் சேர்த்துச் சுமப்பதால், அத்தியாயத்துக்கு 250 சொற்கள் போதும் என்பது என் கருத்து.

மணற்கேணி:

விகுதி பற்றிய கேள்வியை நண்பர் தொடாமல் விட்டதால் நான் எழுதுகிறேன். தமிழ்க் கட்டுரைகளில் மிகுதியாகத் தடுமாற்றம் காணப்படுவது இந்த இடத்தில்தான்.

வார இதழ்களின் கதை சொல்லும் பழக்கம் நம் கையை விட்டு எளிதில் போவதில்லை. நாயகன் 'வருகிறார்', வில்லன் 'வருகிறான்', நாயகி 'வருகிறாள்' என்று எழுதிவிடுகிறோம். உங்கள் 'ஸ்பேஸ் சீட்' கட்டுரையில் கிர்க் 'எச்சரிக்கிறார்', வில்லனான கான் 'கைப்பற்றுகிறான்' என்று இருக்கிறது. வேறொரு கட்டுரையில் ஸ்பாக் 'கூறுகிறார்', அவருக்கு அடுத்த நாற்காலியில் இருக்கும் உஹூரா 'கூறுகிறாள்' என்று இருக்கிறது. இருவரும் ஒரே கப்பலின் அலுவலர்கள். யார் நல்லவர், யார் மதிக்கத் தக்கவர் என்ற தீர்ப்பைக் கலைக்களஞ்சியம் வினைமுற்றின் கடைசி எழுத்தில் ஒளித்து வைக்கக் கூடாது. பெரியவர்களான எல்லாக் கதைமாந்தர்க்கும் 'ஆர்' விகுதியே வர வேண்டும், கானுக்கும் அதுவே.

இதில் ஓர் ஆதாயமும் உண்டு. டீப் ஸ்பேஸ் நைன் என்னும் பின்னாளைய ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் டாக்ஸ் என்னும் உயிரி, கர்சன் என்ற ஆணின் உடலில் வாழ்ந்து, பின்னர் ஜாட்சியா, எஸ்ரி என்ற பெண்களின் உடல்களில் வாழ்கிறது. உயிரியைப் பற்றி எழுதும்போது 'அது' என்றும், உயிரியும் உடலும் சேர்ந்த ஆளைக் குறிக்கும்போது 'அவர்' என்றும் எழுதினால், ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆண்பாலா பெண்பாலா என்று ஒவ்வொரு வரியிலும் தயங்குமிடத்தை நாம் இயல்பாகக் கடந்துவிடலாம்.

கடினமான கேள்வி டேட்டாவைப் பற்றியது. பிரென்ட் ஸ்பைனர் நடித்த டேட்டா ஓர் இயந்திர மனிதர். நன்னூலை அப்படியே பின்பற்றினால் மக்கள், தேவர், நரகர் ஆகியோரே உயர்திணை, மற்ற உயிருள்ளவையும் உயிரில்லாதவையும் அஃறிணை. அதன்படி டேட்டா 'வந்தது' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் 1989இல் ஒளிபரப்பான 'த மெஷர் ஆஃப் எ மேன்' அத்தியாயத்தின் வழக்கே இதுதான். டேட்டாவைப் பிரித்து ஆராய விரும்பும் மேடாக்ஸ் என்ற அறிவியலாளர், அத்தியாயம் முழுவதும் அவரை 'அது' என்றே குறிப்பிடுகிறார். டேட்டா ஸ்டார்ஃப்ளீட் என்னும் விண்படையின் உடைமை அல்ல என்று தீர்ப்பு வந்த பிறகு, முதன்முறையாக 'அவர்' என்கிறார். நீதிபதியும் அதைக் கவனித்துச் சொல்லிக் காட்டுகிறார். இந்த அத்தியாயத்தின் கதைச் சுருக்கத்தில் நாம் டேட்டாவுக்கு 'அது' இட்டால், மேடாக்ஸின் தரப்பில் நின்று எழுதியதாக ஆகிவிடும். எல்லா இடத்திலும் 'அவர்' என்றே இட்டுவிட்டால், கடைசியில் மேடாக்ஸ் மாறும் அந்த நொடி தமிழில் காணாமல் போகும். ஆகவே கட்டுரையின் குரலில் டேட்டா எப்போதும் 'அவர்', மேடாக்ஸின் கூற்றை எடுத்துக் காட்டும் இடத்தில் மட்டும் 'அது' என்று வைத்துக்கொள்ளலாம். தன்னைத் தானே உணர்ந்து பேசும் கதைமாந்தர் எவராயினும் உயர்திணை என்பதைப் பொது விதியாக ஏற்கலாம் என்று முன்மொழிகிறேன்.

கப்பல்களுக்கு 'அது' போதும். ஆங்கிலத்தில் கப்பலைப் பெண்பாலாகச் சொல்வதைப் பார்த்து 'என்டர்பிரைஸ் தன் பயணத்தைத் தொடங்கினாள்' என்று எழுதியிருப்பதை ஒரு கட்டுரையில் கண்டேன். அதை மாற்றிவிடுங்கள்.

சொல்வயல்:

பெயர்களைப் பற்றிச் சில குறிப்புகள்.

ஆள், இனம், கோள், கப்பல் ஆகியவற்றின் பெயர்களை ஒலிபெயர்க்க வேண்டும். 'டேட்டா' என்ற பெயரைத் 'தரவு' என்று மாற்றுவது கதைமாந்தரையே தொலைத்துவிடும். 'செவன் ஆஃப் நைன்' என்பதைப் போல் பெயருக்குப் பொருள் முக்கியமான இடங்களில், ஒலிபெயர்ப்பை எழுதி, 'ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஏழாமவர் என்று பொருள்படும் அடையாளப் பெயர்' என்று ஒரு முறை விளக்கினால் போதும். பொதுப் பெயர்ச்சொற்களுக்கு நம்மிடம் சொல் இருந்தால் அதையே ஆளலாம்: கூட்டமைப்பு, விண்கலம், அறிவியல் அலுவலர். ஃபேசர் (கதிர் ஆயுதம்), டிரான்ஸ்போர்ட்டர் போன்றவை தொடருக்கென்றே அடையாளமாகிவிட்டவை. இவற்றுக்குக் கட்டுரையாளர் தாமாக ஒரு கலைச்சொல்லை உருவாக்கித் தலைப்பில் வைத்தால், தேடுபவர் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

கிரந்த எழுத்து பற்றிய விவாதத்தை இங்கே மறுபடியும் தொடங்க விரும்பவில்லை. 'ஸ்பாக்' என்று தலைப்பு வைத்து, 'இசுப்பாக்கு' என்பதிலிருந்து வழிமாற்று (அப்பெயரில் தேடுபவரை இக்கட்டுரைக்குக் கொண்டுவரும் இணைப்பு) கொடுத்தாலும் சரி, அதைத் திருப்பிச் செய்தாலும் சரி, ஒரே கட்டுரைக்குள் இரண்டும் கலந்து வராமல் இருந்தால் எனக்கு நிறைவு.

ஓரிடத்தில் மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். ஆட்களைத் தம் கூட்டு மனத்துக்குள் இழுத்துக்கொள்ளும் அந்த இனத்தை 'போர்க்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கட்டுரையில் 'பிக்கார்ட் போர்க் கப்பலுக்குக் கொண்டு செல்லப்படுகிறார்' என்ற வரியைப் படித்ததும், ஏதோ ஒரு யுத்தக் கப்பல் என்றுதான் முதலில் புரிந்துகொண்டேன். தமிழில் 'போர்க் கப்பல்' என்பதற்கு வேறு பொருளே இல்லை. 'போர்க்குணம்', 'போர்க்களம்' என்று பின்னால் எந்தச் சொல் வந்தாலும் இதே குழப்பம் வரும். ஈற்றில் உகரம் சேர்த்துப் 'போர்கு' என்றும், தேவைப்படும் இடங்களில் 'போர்கு இனத்தவரின் கப்பல்' என்றும் எழுதினால் மயக்கம் தீரும்.

நூல், தொடர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் சாய்வெழுத்தில் இடுவார்கள். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு என்பது பெரும்பாலும் எழுத்தைப் பிடித்து வளைத்ததாகவே இருக்கிறது, வாசிக்கவும் இடராக இருக்கிறது. அத்தியாயப் பெயர்களுக்கு ஒற்றை மேற்கோள் குறி போதும். 2013ஆம் ஆண்டுத் திரைப்படமான 'ஸ்டார் ட்ரெக் இன்டு டார்க்னஸ்' என்பதன் தலைப்பில் 'இன்டு' என்ற சொல்லின் முதலெழுத்து பெரியதா சிறியதா என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் நடந்த விவாதம் 40,000 சொற்களைத் தாண்டியது. பெரிய எழுத்தே இல்லாத மொழியில் எழுதும் நாம் அந்த நேரத்தை வேறு வேலைக்குச் செலவிடலாம்.

நெடுவழி:

மூவருக்கும் நன்றி. மெமரி ஆல்ஃபாவிலிருந்து மொழிபெயர்த்தது உண்மைதான். உரிமம் பற்றி நான் யோசிக்கவே இல்லை, அந்தப் பத்திகளை இன்றே நீக்கி, சொந்த நடையில் எழுதுகிறேன். எஞ்சியிருப்பது நாவல்கள் பற்றிய கேள்வி. தயாரிப்பு நிறுவனம் அதிகாரபூர்வக் கதையாக ஏற்காதவற்றை முற்றிலும் ஒதுக்கிவிடலாமா?

பழைய_ஏடு:

ஒதுக்கத் தேவையில்லை. எது எங்கே முதலில் வந்தது என்பதைச் சொல்லிவிட்டால், எது 'உண்மை' என்று தீர்ப்பளிக்கும் வேலை நமக்கு இல்லை. என்டர்பிரைஸ் அலுவலரான சூலுவின் முதற்பெயரான ஹிக்காரு 1981இல் வந்த ஒரு நாவலில்தான் இடம்பெற்றது. பத்து ஆண்டுகள் கழித்து ஆறாம் திரைப்படத்தில்தான் அது திரைக்கு வந்தது. நாவல்களை ஒதுக்கியிருந்தால் இந்த வரலாற்றை எழுதவே முடியாது. கிர்க்கின் நடுப்பெயர் இதைவிடச் சுவையானது. முதல் தொடரின் இரண்டாம் முன்னோட்டத்தில் (தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் காட்ட எடுக்கும் மாதிரி அத்தியாயம்), கேரி மிட்செல் என்னும் கதைமாந்தர் கிர்க்குக்காக எழுப்பும் கல்லறையில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. 'டைபீரியஸ்' என்ற பெயர் 1974இல் அசைவூட்டத் தொடரில் வருகிறது, 1991ஆம் ஆண்டுத் திரைப்படம் அதை உறுதிசெய்கிறது. கதைக்குள் நின்று எழுதுபவர் இந்த 'ஆர்' எழுத்துக்கு ஒரு காரணம் கற்பித்தே ஆக வேண்டும். வெளியே நின்று எழுதும் நமக்கு, மூன்று படைப்புகளில் எது எப்படி அமைந்தது என்று ஆண்டுடன் எழுதினால் போதும்.

அத்தியாயப் பட்டியலையும் ஒளிபரப்பான வரிசையிலேயே வையுங்கள். அந்த முன்னோட்டம் முன்னதாகவே எடுக்கப்பட்டிருந்தாலும், 'த மேன் டிராப்' அத்தியாயம் 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் ஒளிபரப்பாகி, முன்னோட்டம் செப்டம்பர் 22 அன்று மூன்றாவதாகவே வந்தது. தயாரிப்பு வரிசைக்குத் தனி நெடுவரிசை கொடுத்தால் இரண்டும் தெளிவாகும்.

நெடுவழி:

கிர்க் கட்டுரையில் இந்தப் பத்தியைச் சேர்த்திருக்கிறேன்: "இரண்டாம் முன்னோட்டத்தில் கல்லறையில் காட்டப்படும் பெயர் ஜேம்ஸ் ஆர். கிர்க் என்பதாகும். டைபீரியஸ் என்ற நடுப்பெயர் 1974ஆம் ஆண்டு அசைவூட்டத் தொடரில் இடம்பெற்று, 1991ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் பயன்படுத்தப்பட்டது." ஸ்பாக் கட்டுரையின் முன்னுரையையும் மாற்றிவிட்டேன். டேட்டா எங்கும் 'அவர்' ஆகிவிட்டார். 'போர்க்' என்பதை 37 இடங்களில் திருத்த வேண்டியிருந்தது.

பழைய_ஏடு:

பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது. கல்லறைக் காட்சிக்கு அத்தியாயத்தின் பெயரையும் ஒளிபரப்பான நாளையும் சான்றாகச் சேர்த்துவிடுங்கள். ஸ்பாக் கட்டுரையிலிருந்து வார்ப்புருவை நானே எடுத்துவிட்டேன்.