காத்துல டெராஹெர்ட்ஸ்: அந்த நீலக் கலர் எதுக்கு?

தென்காசிப் பையன்:
அண்ணாச்சிமாரே, எம்எஸ்சி ஃபிசிக்ஸ் படிக்கேன், அடுத்த வாரம் பாளையங்கோட்டைல செமினார், காத்துல லேசர் அடிச்சு டெராஹெர்ட்ஸ் (மைக்ரோவேவுக்கும் இன்ஃப்ராரெடுக்கும் நடுவுல உள்ள அலை) எடுக்கதுதான் தலைப்பு. 800 நானோமீட்டர் ஃபெம்டோசெகண்ட் பல்ஸ (ரொம்ப ரொம்பச் சின்ன நேரத்து லேசர் துடிப்பு) லென்ஸ் வச்சு குவிச்சா காத்துல எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு வந்து பிளாஸ்மா ஆயிருதுங்கது புரியுது, ஆனா நடுவுல அலைநீளத்தப் பாதியாக்குத ஒரு பிபிஓ கிரிஸ்டல வச்சு 400 நானோமீட்டர் நீலத்தையும் சேத்து அனுப்புதாங்களே, அது ஏன்? அதான் பிளாஸ்மா வந்துட்டுல்லா? சார்ட்ட கேட்டா பேப்பரப் படிடேங்காரு.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
தம்பி, நம்ம நெல்லையப்பர் தேர நெனச்சுக்கோ. வடத்த முன்னாலயும் பின்னாலயும் சமமா இழுத்தா தேர் நகருமா? 800 மட்டும்னா அலை ரெண்டு பக்கமும் ஒண்ணு போல ஆடும், பிச்சுக்கிட்டு வந்த எலக்ட்ரான் பாதி இங்க பாதி அங்கன்னு போயி மொத்த கரண்ட் கிட்டத்தட்ட சைபர். 400 சேந்ததும் அலை கோணலாயிரும், எலக்ட்ரானுவ ஒரே பக்கமா சாயும், அந்த கரண்ட் சட்டுனு எந்திரிக்கதுதான் டெராஹெர்ட்ஸா வெளிய வருது. ஒத்தக் கலர்லயும் வராமலில்ல, 1993-லயே ஹாம்ஸ்டர் குழு எடுத்துட்டாங்க, ஆனா ரொம்ப சோப்ளாங்கி. இன்னொண்ணு, ரெண்டு கலருக்கும் ஃபேஸ், அதாவது அலை ஏறி எறங்குத நேரம், பொருந்தணும், பிபிஓவ முன்ன பின்ன நகத்திப் பாரு, ஏறக்கொறைய ரெண்டரை சென்டிமீட்டருக்கு ஒருக்க சிக்னல் ஏறி எறங்கும்.

சாரல்காத்து:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா செமினார்ல எவனாவது எந்திரிச்சு இது ஃபோர் வேவ் மிக்ஸிங் (அலைங்க ஒண்ணோட ஒண்ணு கலந்து புது அலை வருதது) இல்லையாம்பான், ரெடியா இரு. 2000-ல குக்கும் ஹோக்ஸ்ட்ராசரும் அப்படித்தான் சொன்னாங்க, அண்ணாச்சி சொன்ன கரண்ட் கணக்கு 2007-ல கிம் குழு போட்டது, இப்ப பெரும்பாலும் அதத்தான் எடுத்துக்கிடுதாங்க.
ஈரத்தையும் சொல்லிரு. 0.557, 0.752, 1.097 டெராஹெர்ட்ஸ்ல எல்லாம் நீராவி முழுங்கிரும். குத்தாலத்துல சாரல் அடிக்க மாசத்துல செட்டப் இருக்க பாக்ஸத் தொறந்து வச்சு ஸ்பெக்ட்ரம் எடுத்தா பல்லு போன கெழவன் வாய் மாதிரி அங்கங்க ஓட்டையாத்தான் இருக்கும், அதான் பாக்ஸுக்குள்ள ஈரமில்லாத டிரை நைட்ரஜன் விடுதாங்க. மிச்ச லேசர் வெளிச்சம் டிடெக்டர்ல விழாம இருக்க சிலிக்கான் வேஃபர் (மெல்லிசு தகடு) வைக்கணும், அது டெராஹெர்ட்ஸ்லயும் பாதிக்குப் பாதி தின்னுரும், வேற வழியில்ல.

தென்காசிப் பையன்:
தேர் சூப்பர் அண்ணாச்சி, சொல்லிக்கிடுதேன். அப்ப கிரிஸ்டல்லயே டெராஹெர்ட்ஸ் எடுக்கலாம்லா, எதுக்கு போயும் போயும் காத்து?

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
கிரிஸ்டல்ல பவரக் கூட்டினா பொத்துரும்டே, காசு போச்சு. காத்து அடுத்த பல்ஸுக்கு புதுசா வந்து நிக்கும்லா.