தகரப் பாத்தி: திருகோணமலையில் கண்டதை எழுதுங்கள்

தகரத் தகட்டால் சுற்றி அடைத்து மண் நிரப்பும் காய்கறிப் பாத்தியைப் பற்றி வாசகர்கள் எழுதியவை இவை. ஒவ்வொன்றுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் ஊர்.

பாலையூற்று

காய்கறிக்குத் தகரப் பாத்தி வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் விலையையும்தான் முதலில் கேட்கிறார்கள். உப்புவெளியில், கடலுக்குக் கிட்டவுள்ள ஒரு வளவில் கண்டது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வெளிப்பக்கம் பச்சைப் பூச்சு, கீறல் கூட இல்லை. உட்புறம் மண்ணைக் கையால் விலக்கினால், மண்மட்டத்தை ஒட்டி ஓர் அங்குல அகலத்துக்கு நீளமாகக் கறள். பெருவிரலால் அழுத்தியதும் விரல் மறுபக்கம் வந்துவிட்டது.

காரணம் எளிது. நிறத் தகட்டுக்கு முகப்பில்தான் தடித்த பூச்சு. முதுகுப் பக்கம் மெல்லிய பூச்சு மட்டுமே, அந்தப் பக்கம்தான் மண்ணைத் தொடுகிறது. மண்மட்டத்தில் ஈரமும் காற்றும் உப்பும் சேர்ந்து நிற்கும், அதனால் முதலில் போவது அந்த வரிதான். வாங்கும்போது முதுகைத் திருப்பிப் பாருங்கள். நாகப் (சிங்க்) பூச்சின் அளவைக் கேளுங்கள். இசட் 275 என்றால் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 275 கிராம் நாகம், அதாவது ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரோன். அதற்குக் குறைந்ததை நம் கடற்கரைக்கு வாங்கவேண்டாம். தகட்டின் தடிப்பை மில்லிமீற்றரில் கேளுங்கள், 0.6க்குக் குறையக் கூடாது. கூரைத் தகடு பெரும்பாலும் 0.35, 0.47தான்.

ஆண்டாங்குளம்

தகடு நல்லதாயிருந்தும் வேலை கெட்டதைக் கண்டிருக்கிறேன். பட்டறையில் கிரைண்டரால வெட்டின பாத்தி. பின்னேரம் வெள்ளிமாதிரி மினுங்கினது, அடுத்த நாள் காலமை பனி பட்ட பிறகு பார்த்தால் முழுக்கச் செம்புள்ளி, தேமல் விழுந்தமாதிரி. அது தகட்டின்ர கறள் இல்லை. கிரைண்டர்ப் பொறியில பறந்த இரும்புத் தூள் பூச்சில ஒட்டிக்கொண்டு கறள் பிடிக்குது. அதோட, வெட்டின விளிம்பில நாகமும் எரிஞ்சு போகும்.

தகரக் கத்தரியால வெட்டச் சொல்லுங்கோ. துளை போட்டால் அந்தத் தூளைப் பிரஷால தட்டிவிட்டு, துளையிலயும் விளிம்பிலயும் சிங்க் பெயின்ற் தொட்டுவிட வேணும். பெட்டியோட வாற மினுங்கல் திருகாணிகளை நம்பாதேங்கோ, கடல் காற்றில முதல்ல கறள் பிடிக்கிறது அதுகள்தான். ஸ்டெயின்லெஸ் போல்ட், றப்பர் வாசரோட போடுங்கோ. வெட்டுவிளிம்பு கையைக் கிழிக்கும். பழைய தண்ணிக் குழாயை நீளமாக் கீறி விளிம்பில கொழுவிவிட்டால் போதும்.

சாம்பல்தீவு

பாலையூற்று அண்ணை சொன்னதில் பாதிதான் சரி. உப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நாம் போடும் பசளையாலும் கறள் வருகிறது. பச்சைக் கோழி எருவைத் தகட்டோரமாகக் கொட்டியிருந்த பாத்தி ஒன்று, எரு பட்ட இடம் மட்டும் வெள்ளை மாவாகி உரிந்து கிடந்தது. எருவில் இருக்கும் அமோனியா நாகத்தைத் தின்னும். அடுப்புச் சாம்பலும் அப்படித்தான், அது காரம். சிங்க்அலும் தகடு என்றால் இன்னும் மோசம். அதன் பூச்சில் 55 வீதம் அலுமினியம், காரம் பட்டால் அலுமினியம் கரையும். கூரைக்கு நாகத் தகட்டைவிட நீடிக்கிறது என்பதற்காகவே எல்லாரும் சிங்க்அலும் கேட்கிறார்கள். ஈர மண்ணுக்கும் எருவுக்கும் அது ஏற்றதல்ல. பாத்திக்குத் தடித்த நாகத் தகடே நல்லது.

உட்புறம் பொலித்தீன் போட்டால் சரி என்பார்கள். பக்கச் சுவருக்கு மட்டும் போடுங்கள், அடியில் வேண்டாம். மேல் விளிம்பில் மடித்து இறுக்காவிட்டால் மழைத்தண்ணி பொலித்தீனுக்கும் தகட்டுக்கும் நடுவில் போய் நிற்கும். போடாமல் விட்டதைவிடக் கேடு அது. கழிவு ஒயில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். சாப்பிடும் பயிருக்குப் பக்கத்தில் அது கூடவே கூடாது.

தம்பலகாமம்

கறளை விடுங்கள், பாத்தியின் பக்கத் தகடு வயிறு தள்ளியதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 8 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரப் பாத்தி. மார்கழி மழையில் ஒரு கிழமை நனைந்த பிறகு நடுப்பக்கம் நாலு விரற்கடை வெளியே வந்து, மூலை போல்ட் ஒன்று தகட்டைக் கிழித்துக்கொண்டு நின்றது. குறுக்குக் கம்பி ஒன்றுகூட இல்லை. 8 அடிக்கு இரண்டு கம்பி வேண்டும், விளிம்பிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே. கம்பியை அரை அங்குல பிவிசி குழாய்க்குள் விட்டால் மண் படாது, கறளும் பிடிக்காது. நெளி கிடையாக ஓடும் தகடு எடுத்தால் பக்கம் தள்ளுவது குறையும். நெளி நிலைக்குத்தாக இருந்தால் மேல் விளிம்பில் சட்டம் அடிக்காமல் நிற்காது.

மண் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 8 × 3 × 1.5 என்றால் 36 கன அடி. நம் ஊரில் மண் கியூப் கணக்கில்தானே வரும், ஒரு கியூப் 100 கன அடி. அப்போ மூன்றிலொரு கியூபுக்குச் சற்று மேல். ஆனால் முதல் மழைக்கே மண் இறங்கும், அதனால் 40, 42 கன அடிக்குச் சொல்லிவையுங்கள். மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) ஒரு பங்கு. தும்புச்சோற்றில் உப்பிருக்கும். இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்கவேண்டும். அடியில் மரக்குற்றி போட்டு நிரப்புவதை வீடியோவில் பார்த்துச் செய்யாதீர்கள், கறையான் குடிவரும். தேங்காய்ப் பொச்சை மல்லாத்தி ஒரு வரிசை அடுக்குங்கள், மணல் தரையில் தண்ணி பிடித்துவைக்கும். சல்லியும் வேண்டாம். சல்லிக்கு மேல் ஈரம் தேங்கி நிற்கும், வேர் அழுகும்.

அகலம் நாலு அடிக்கு மேல் போகக் கூடாது, நடுவுக்குக் கை எட்டாது. மதிலோடு ஒட்டி வைத்தால் இரண்டடி. சீமெந்துத் தரையில் வைப்பதென்றால் செங்கல்லில் தூக்கி, பக்கத்தின் அடியில் அடிக்கொரு அரை அங்குலத் துளை. கீரைக்கு எட்டு அங்குல மண் போதும். கத்தரி, தக்காளி, வெண்டிக்கு ஓர் அடிக்குக் குறையாமல்.

கோட்டடி

உயரமான பாத்தி நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. நகரத்துக்குள் இருக்கிறவர்கள் மானை மறக்கவேண்டாம். இரண்டடிப் பாத்தி புள்ளிமானுக்குச் சாப்பாட்டு மேசை. விடியப்புறம் கதவைத் திறந்தால் ஐந்து மான் வரிசையாகக் கழுத்தை நீட்டிப் பயிற்றைக் கொழுந்தை இழுத்துக்கொண்டு நிற்கிறது, மண்ணில் ஒரு குளம்படி இல்லை. பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டாதீர்கள், கொம்பில் சிக்கினால் அது துடித்துச் செத்துப்போகும். இறுக்கமான கம்பிவலை, ஆறடி உயரம், நிலத்தில் ஊன்றிய தூணில். பாத்தித் தகட்டில் தூண் அடித்தால் தகடு ஆடும்.

நிலாவெளி

தம்பலகாமம் அண்ணாவுக்கு, வெங்காயத்துக்கு ஒன்றரை அடி தேவையே இல்லை. முக்கால் அடிப் பாத்தி காணும். உயரம் கூடக் கூட வெயில் படுற தகடும் கூடுது.

கச்சான் காற்று வீசுற ஆனி, ஆடியில ஒரு பாத்தியில பச்சைமிளகாய்க் கன்று நாலு வரிசை. மூன்று வரிசை நிமிர்ந்து நிக்குது, மேற்குத் தகட்டோரம் இருந்த வரிசை மட்டும் கோடு போட்டமாதிரி வாடிக் கிடந்தது. தண்ணி ஊத்தினதுதான், நடுவில மண் ஈரம். தகட்டில இருந்து மூன்று விரல் தூரத்துக்கு மண் சூடாகிப் பொடியாப் போச்சு. மேற்குப் பக்கம் வெளியில ஒரு கிடுகைச் சாத்திவிட்டால் அந்தச் சூடு வராது. கிடுகு தகட்டோட ஒட்டாமல் நாலு அங்குலம் விலகி இருக்கவேணும், ஒட்டினால் உப்பு ஈரம் அதுக்குள்ள நிண்டு கறள் பிடிக்கும். ஓரத்தில பசளிக் கொடியை நட்டு வெளியில தொங்கவிட்டாலும் சரி. கன்று தகட்டில இருந்து அரை அடி உள்ளே.

கிணத்துத் தண்ணி உவரெண்டால் விளிம்போரம் மண்ணில வெள்ளைப் படை தெரியும். அதைச் சுரண்டி எடுத்துப்போட்டு, மழை பெய்யிற நாளில பாத்தி அடியால தண்ணி ஓடிப்போற அளவுக்கு நனையவிடுங்கோ. தாழ்வாரத்துக்குக் கீழ பாத்தி வைக்காதேங்கோ. வாடைக்காற்று கொண்டுவாற உப்பைக் கழுவுறதுக்கு அங்க மழையே விழாது, கறள் அங்கதான் கெதியா வரும். வைச்சாச்செண்டால் கிழமைக்கொருக்கா நல்ல தண்ணியால வெளித்தகட்டைக் கழுவுங்கோ.

ஓர்ஸ் ஹில்

ஒரு கேள்வி. நாகம் கரைந்து மரக்கறிக்குள் வராதா? பழைய ஒயில் பரலை அறுத்துச் செய்தால் மலிவு என்று ஒருவர் சொல்கிறார்.

சாம்பல்தீவு

பரல் வேண்டாம் அக்கா. முன்பு உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அதற்கு நாகப் பூச்சும் இல்லை. பழைய வர்ணம் அடித்த கூரைத் தகடும் வேண்டாம், அந்த வர்ணத்தில் ஈயம் இருக்கலாம்.

நாகத்தைப் பொறுத்தவரை, மண் புளித்தால்தான் கூடக் கரையும். மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு) 6.5இலிருந்து 7 வரை இருந்தால் செடி எடுப்பது மிகக் குறைவு. அமோனியம் சல்பேற் தொடர்ந்து போட்டால் மண் புளிக்கும், தகடும் அரிக்கும். மண் புளித்திருந்தால் நடுவதற்கு இரண்டு கிழமை முன் டொலமைற்றை (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் தூள்) பாத்தியின் நடுப்பகுதியில் கலந்துவிடுங்கள். இளம் இலை நரம்பு பச்சையாயிருந்து நடுவில் மஞ்சளித்தால், அதுவும் தகட்டோரத்து வரிசையில் மட்டும் என்றால், நாகம் கூடியிருக்கலாம், பசளையைக் கூட்டாமல் முதலில் அந்த இடத்து மண்ணைச் சோதியுங்கள்.