கார் கார்பெட்டில் கறை: துடைத்தால் போகிறது, காலையில் திரும்ப வருகிறது. அவசரம்!

புதுசா_வந்தவன்:
எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டுக்கு வந்து இன்னும் காலூன்றவில்லை, அதற்குள் ஒரு பழைய கார் வாங்கிவிட்டோம். பார்க்கப் போனபோது உள்ளே பளிச்சென்று இருந்தது, வாசனையும் நன்றாக அடித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிகிறது, பின் சீட்டில் உட்கார்ந்தால் கால் வைக்கிற இடத்தில் பழுப்பாகப் பெரிய கறை. ஷாம்பு போட்டுத் தேய்த்தேன், போய்விட்டது. காலையில் பார்த்தால் அதே இடத்தில், ஓரமெல்லாம் இன்னும் கறுத்துப்போய் நிற்கிறது. மறுபடி தேய்த்தேன், மறுபடி வந்தது. மனைவிக்கு அடுத்த வாரம் பிரசவத் தேதி. இந்தக் காரில்தான் குழந்தையைக் கூட்டிவர வேண்டும். எந்த லிக்விட் போட்டால் ஒரேயடியாகப் போகும்? தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

பனியில்_நடந்தவன்:
வந்ததும் வராததுமாகக் கார் எதற்குத் தம்பி? நாங்கள் வந்த புதிதில் காரைக் கண்ணால் பார்த்ததோடு சரி. மளிகைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முட்டளவு பனியில் நடந்து வருவோம். ஷூவுக்குள் ஈரம் இறங்கி, வீட்டுக்கு வந்து கழற்றினால் கால்விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இப்போது வருகிறவர்களுக்குக் கார்பெட் கறைதான் கவலை. நன்றாக இருங்கள்.

ஈரத்துணி:
அண்ணா, அவர் கேட்டது கறையைப் பற்றி. தம்பி, அது என்ன கறை? காபியா, பாலா, எண்ணெயா, வாந்தியா? அதைச் சொல்லாமல் லிக்விட் கேட்டால் எப்படிச் சொல்வது? பொதுவாக ஒன்று: தேய்க்கவே கூடாது. தேய்த்தால் கறை இழைக்குள் இறங்கும், கார்பெட்டும் பஞ்சு பஞ்சாகக் கிளம்பிவிடும். வெள்ளைத் துணியை வைத்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். பால், ரத்தம், வாந்தி என்றால் குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான். சூடு பட்டால் புரதம் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று என்சைம் கிளீனர் விற்கிறார்கள். தெளித்துவிட்டு உடனே துடைக்காமல், டப்பாவில் போட்டிருக்கிற நேரம்வரை ஈரமாகவே விடுங்கள்.

ராத்திரி_ஷிஃப்ட்:
குளிர்ந்த தண்ணீரில் என்ன போகும்? ஸ்டீம் கிளீனர் ஒன்றை வாடகைக்கு எடுத்து அடியுங்கள், கறையோடு கிருமியும் சாகும். அது கிடைக்காவிட்டால் பேக்கிங் சோடாவைக் கொட்டி மேலே வினிகர் ஊற்றுங்கள். பொங்கி வரும் பாருங்கள், அழுக்கை அப்படியே மேலே தூக்கிவிடும்.

ஈரத்துணி:
பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று காரம், ஒன்று அமிலம். சேர்த்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். தனித்தனியாகப் போட்டால் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. சோடாவைக் காய்ந்த கார்பெட்டில் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் செய்தால் நாற்றம் குறையும். பனி உருக ரோட்டில் போடுகிற உப்பு ஷூவோடு வந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால், வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து ஒற்றி எடுக்கலாம். பிளீச்சை மட்டும் எதோடும் கலந்துவிடாதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கார் மாதிரி அடைந்த இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

ராத்திரி_ஷிஃப்ட்:
சரி, வினிகரை விடுங்கள். விற்கிறவர்களைச் சொல்ல வேண்டும். நான் வாங்கிய முதல் வண்டியும் இதே கதைதான். ஒரு பாட்டில் சென்ட்டை உள்ளே கொட்டி வைத்திருந்தார்கள். ஹீட்டரைப் போட்ட பிறகுதான் உள்ளே ஒருவர் வருஷக்கணக்கில் சிகரெட் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தது. கண்ணாடியின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன், துணி மஞ்சளாகிவிட்டது. புதிதாக வந்திருக்கிறோம் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது போல.

பனியில்_நடந்தவன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், வாடகை அட்வான்ஸ் என்று எங்கே போனாலும் நம் தலையில்தான் மிளகாய் அரைக்கிறார்கள். தம்பி, எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? சில இடங்களில் டீலரிடம் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்.

ரெண்டு_பிள்ளை_அம்மா:
அண்ணன்மார்களே, அந்தப் பெண் நிறைமாதமாக இருக்கிறாள். புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்ளலாமா?

மூணாவது_கியர்:
கொஞ்சம் பொறுங்கள். துடைத்த கறை ராத்திரியில் திரும்ப வருகிறது என்றால் சிக்கல் மேலே இல்லை. கார்பெட்டுக்கு அடியில் தடிமனான நுரை இருக்கிறது. அழுக்கும் ஈரமும் அங்கே தங்கியிருக்கும். மேலே காயக் காய, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல இழை கீழே இருப்பதை மேலே இழுத்துவிடும். தண்ணீர் ஆவியாகிப் போகும், அழுக்கு மட்டும் நுனியில் நிற்கும். ஓரம் கறுப்பது அதனால்தான். நீங்கள் ஊற்றுகிற ஒவ்வொரு ஷாம்பும் நுரைக்குத் தீனி. இதையெல்லாம் சொல்லுங்கள்: கார்பெட்டைக் கையால் அழுத்தினால் ஈரம் தெரிகிறதா? மழை பெய்த பிறகு அதிகமாகிறதா? காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனிமூட்டமாக இருக்கிறதா? சன்ரூஃப், அதாவது கூரையில் திறக்கிற கண்ணாடி, உண்டா?

புதுசா_வந்தவன்:
இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அழுத்தினால் தண்ணீரே வருகிறது. நான் கழுவியது காயவில்லை என்று நினைத்தேன். கண்ணாடி தினமும் மூடிக்கொள்கிறது, குளிர்காலம் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் முழுக்க மழை. சன்ரூஃப் இருக்கிறது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கால்வைக்கிற இடமும் லேசாக ஈரம். பின்பக்கம் நாறுவதால் குழந்தை சீட்டை முன்னால் மாட்டிவிடலாமா என்றும் யோசிக்கிறோம்.

ரெண்டு_பிள்ளை_அம்மா:
முன்னால் வேண்டவே வேண்டாம்! பச்சைக் குழந்தையின் சீட் பின்னோக்கித்தான் மாட்டப்படும். எதிரே ஏர்பேக் வேலை செய்கிற நிலையில் இருந்தால் சின்ன மோதலில்கூட அது விரிந்து சீட்டின் முதுகில் அடிக்கும். குழந்தையின் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு நாறினாலும் பின் சீட்தான். இன்னொன்று, பூஞ்சை இருக்கலாம், சுத்தம் செய்கிற பக்கமே உங்கள் மனைவி வரவேண்டாம். நீங்களும் மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு நான்கு கதவையும் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

மூணாவது_கியர்:
இனி கறையை மறந்துவிட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முன்னால் நுழைகிற தண்ணீர் நுரை வழியாகவே ஓடிப் பின்னால் தேங்கும். அதனால் கறை இருக்கிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் சந்தேகம் சன்ரூஃப். அதைத் திறந்தால் சுற்றிலும் ஒரு காடி (நீளப் பள்ளம்), மூலைகளில் சின்னத் துளைகள் தெரியும். மழைத்தண்ணீர் அதன் வழியே குழாயில் இறங்கிக் காருக்கு அடியில் போக வேண்டும். இலைத்தூளும் மண்ணும் அடைத்துக்கொண்டால் உள்ளே வழியும். ஒரு தம்ளர் தண்ணீரைத் துளைப் பக்கம் மெல்ல ஊற்றுங்கள். அடியில், டயர் பக்கமோ கதவுக்குக் கீழேயோ சொட்டினால் பிழைத்தீர்கள். காடியிலேயே நின்றால் அடைப்பு. வளைகிற நைலான் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். கம்ப்ரஸர் காற்றைப் பலமாக அடித்தால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும், பிறகு கூரையைப் பிரிக்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் வைப்பருக்குக் கீழே இலை குவிந்து தண்ணீர் வடிகிற வழியை அடைத்திருக்கிறதா பாருங்கள். அதற்கடுத்து ஏசி. ஓடும்போது வடிகிற தண்ணீர் காருக்குக் கீழே சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்தாலும் பக்கத்து சீட்டின் காலடிதான் நனையும். ஈரம் பிசுபிசுவென்று, இனிப்பான வாடையோடு இருந்தால், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி படிந்தால், அது மழைத்தண்ணீர் இல்லை. ஹீட்டரிலிருந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கிற திரவம்) ஒழுகுகிறது. அது விஷம், நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

கூடவே ஒன்று. சீட்டை முன்னே தள்ளி அடியில் பாருங்கள். சீட் நகர்கிற தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துருவும், எட்டாத மூலைகளில் வண்டலும் இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 17 இலக்க சேஸிஸ் எண்ணை வைத்துப் பழைய விவரம் எடுத்துப் பாருங்கள்.

ராத்திரி_ஷிஃப்ட்:
ஒழுகல் நின்றதும் சீட்டை எல்லாம் கழற்றிப் போட்டு கார்பெட்டை வெளியே எடுத்து வெயிலில் காய வைத்துவிடட்டும். அதுதான் முழு வேலை.

மூணாவது_கியர்:
வெயில் இருந்தால்தானே. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் போகிறதே, அது ஏர்பேக்குக்கானது. பழக்கம் இல்லாதவர் அதைத் தொடக்கூடாது, அதன்மேல் தண்ணீரும் ஊற்றக்கூடாது. கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றினால் கார்பெட்டின் ஓரம் தூக்க வரும். ஒரு கட்டையைச் சொருகி அடியில் ஃபேன் காற்று போகும்படி செய்தால் போதும். அதற்கு முன் ஈரத்தை உறிஞ்சுகிற வேக்குவத்தை வாடகைக்கு எடுத்து, வருகிற தண்ணீர் நிற்கும்வரை இழுங்கள். வீட்டு வேக்குவம் வேண்டாம், ஷாக் அடிக்கும். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பார்கள். உங்கள் நுரை அதைத் தாண்டிவிட்டது. காய்ந்த பிறகும் வாடை போகவில்லை என்றால் அந்த இடத்து நுரையை மாற்றத்தான் வேண்டும்.

ஈரத்துணி:
காயும் நேரத்தில் மற்றதைப் பார்த்துவிடுங்கள். டேஷ்போர்டுக்கும் கதவுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி பாத்திரம் கழுவும் சோப்பு, பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. ஸ்டியரிங்கிலும் பெடலிலும் பளபளப்பு ஸ்ப்ரே அடிக்காதீர்கள், வழுக்கும். மாயப் பஞ்சு என்று விற்கிற வெள்ளை ஸ்பாஞ்சு உண்மையில் நைசான உப்புத்தாள் மாதிரிதான், பளபளக்கும் பிளாஸ்டிக்கையும் திரையையும் கீறிவிடும். அமோனியா கலந்த கண்ணாடி லிக்விட் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற கறுப்பு டின்ட் ஃபிலிமைக் கெடுக்கும். கூரைத் துணி பசையில் ஒட்டியது, நனைத்தால் தொங்கிவிடும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து ஒரு கிளிப் மாட்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பிளீச் பட்டால் நாடா பலமிழக்கும். உள்ளே வருகிற காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர் பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். பாதி நாற்றம் அதில்தான்.

புதுசா_வந்தவன்:
சன்ரூஃப்தான். முன்பக்க மூலையில் ஊற்றிய தண்ணீர் நகரவே இல்லை. நரம்பை விட்டு ஆட்டியதும் கறுப்பாகச் சேறு மாதிரி வந்து, அப்புறம் டயர் பக்கம் கொடகொடவென்று ஊற்றியது. இனிப்பு வாடை இல்லை, சீட்டுக்கு அடியில் துருவும் இல்லை. வேக்குவம் வாளி நிறைந்துவிட்டது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. பின் சீட் துணி காய்ந்துதான் இருக்கிறது. குழந்தை சீட்டை இப்போதே மாட்டலாமா?

ரெண்டு_பிள்ளை_அம்மா:
சீட் துணியும் பெல்ட்டும் காய்ந்திருந்தால் இன்றைக்கே மாட்டிப் பாருங்கள். முதல் தடவை மாட்டும்போது கோணம் சரியாக வராது, நேரம் பிடிக்கும். ஆடாமல் பொருந்திவிட்டது என்று தெரிந்ததும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். கார்பெட் காய்கிற வரைக்கும் அந்த வாடை அதில் ஏற வேண்டாம். இன்றைக்குள் காயும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரசவத்துக்குப் போகிற அன்றைக்கு வேறு யாருடைய வண்டியாவது கிடைக்குமா என்றும் இப்போதே கேட்டு வையுங்கள்.

பனியில்_நடந்தவன்:
எந்த ஊர் என்று இன்னும் சொல்லவில்லையே தம்பி. பக்கம் என்றால் நானே வண்டி எடுத்துவருகிறேன். தனிச்செய்தியில் எழுதுங்கள்.