சுருதி சேராத கேசட்டும் அப்பத்தா குரலும்: நம்ம கடற்கரையில ஜாஸ் கேட்ட கதைகள்

பாம்பன்காரன்:
ரெண்டு நாளாக் காத்துக் கடல். போட்டு கரையில கெடக்கு. வலையில கிழிசல் பாத்துக்கிட்டே ஜாஸ் கேட்டுக்கிட்டு இருக்கேன், அதான் அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட பொறந்த இசை. எதிர்த்த வீட்டு மாமா, "என்னப்பா, கல்யாண வீட்டு பேண்டுக்காரன் தண்ணியப் போட்டுட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு"ன்னாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நெனச்சேன். நம்ம பக்கத்துல இதைக் கேக்குறவுக இருக்கீகளா? எந்த ரெக்கார்டு உங்களப் பிடிச்சு உக்கார வச்சுச்சு? தலைசிறந்த பத்துன்னு பட்டியல் மட்டும் வேணாம், அது எங்கயும் கெடைக்கும்.

தங்கச்சிமடம் கீபோர்டு:
மாதா கோயில்ல வாசிக்கிறேன். 80-கள் கடைசியில, கப்பல்ல வேலை பாத்த சித்தப்பா, ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கேசட்டு கொண்டாந்தாக. முதல் உருப்படி 'சோ வாட்'. பேஸ்னு கனத்த குரல்ல பேசுற பெரிய தந்தி வாத்தியம் ஒரு கேள்வி கேக்கும், மத்தவுக ரெண்டே தட்டுல பதில் சொல்லுவாக. பாட்டோட சுரவரிசை நம்ம கரகரப்ரியா ராகந்தான். நடுவுல மட்டும் அப்படியே அரைச்சுரம் மேல போயிட்டு எறங்கிரும்.

கூட வாசிக்கலாம்னு உக்காந்தா சுருதி சேரல. கேசட்டு இம்மியளவு தூக்கலா நிக்குது. டேப் ரிக்கார்டர் பெல்ட்ட மாத்துனேன், அப்பவும் அதே கதை. ஆனா கேசட்டத் திருப்பிப் போட்டா 'ஆல் ப்ளூஸ்' கச்சிதமாச் சேருது! ஒரே மெஷினு, ஒரு பக்கம் சேருது, மறுபக்கம் சேரலன்னா என்ன அர்த்தம்? காது போச்சுன்னே முடிவு கட்டிட்டேன்.

பல வருசம் கழிச்சுத்தான் விசயம் தெரிஞ்சுச்சு. 1959 மார்ச் 2-ல நியூயார்க்குல பதிவு பண்ணப்ப டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவாப் பிடிச்சதச் சரியான வேகத்துல ஓட்டுனா சுருதி ஏறத்தான செய்யும். மறுபக்கம் ஏப்ரல் 22-ல பதிவானது, அதுல குறை இல்ல. 1992-லதான் திருத்தி வெளியிட்டாக. திருத்துனதும் என்கிட்ட இருக்கு. ஆனா மனசுக்குப் பழகுனது அந்தத் தூக்கல்தான், என்ன செய்ய.

கீழக்கரை சபராளி:
அபுதாபியில கூட இருந்த பிலிப்பைன்காரர் ஒருத்தர் சாக்ஸ், அதான் சாக்ஸபோன் வாசிப்பாரு. நான் தமிழ்நாடுன்னதும், "சார்லி மரியானோ நாதஸ்வரம் கத்துக்கிட்ட ஊராச்சே"ன்னாரு. எனக்குத் தெரியாது, முழிச்சேன். அமெரிக்க சாக்ஸ்காரர், 70-கள்ல தென்னிந்தியா வந்து சீவாளியப் பிடிச்சுப் பழகியிருக்காரு. கத்ரி கோபால்நாத் சாக்ஸ்ல கர்நாடக இசை வாசிச்சதுக்கு நேர் எதிர்த் திசை. நம்மூரு விசயத்த அடுத்தவன் வந்து சொல்ல வேண்டியிருக்கு பாருங்க.

தொண்டிப் பேத்தி:
எங்க அப்பத்தா ஒப்பாரி சொல்றவுக. எழவு விழுந்தா சுத்துப்பட்டு ஊர்லருந்து ஆள் விடுவாக. தொண்டை போன பொறகும் கூப்பிட்டாக. குரல் மேல ஏறாது, பாதி வரி வெறும் காத்தாத்தான் வரும். அந்தக் காத்துக்குத்தான் பொம்பளைக கூடுதலா அழுவாக. சின்னப் பிள்ளையில எனக்கு அது வெளங்கல.

ஹாஸ்டல்ல இருந்தப்ப பில்லி ஹாலிடேயோட 'லேடி இன் சாட்டின்' கேட்டேன். 1958-ல பாடுனது, அடுத்த வருசம் 44 வயசுல போயிட்டாக. பின்னால வயலின் கூட்டம் வழவழன்னு ஓடுது, இவுக குரல் மட்டும் கரகரன்னு, ஒவ்வொரு வரியையும் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி எடுத்து வைக்குது. பக்கத்துக் கட்டில் அக்கா, "குரலே இல்லையே, இதையா கேக்குற?"ன்னாக. எனக்கு அப்பத்தா வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு.

நீங்க கேக்கணும்னு இல்ல, பாக்கணும். 1957 டிசம்பர்ல அமெரிக்க டிவியில அவுக பாடுன 'ஃபைன் அண்ட் மெல்லோ'. பென் வெப்ஸ்டர் சாக்ஸ் வாசிச்சு முடிச்சதும், இன்னொரு சாக்ஸ்காரர் லெஸ்டர் யங் எந்திரிப்பாரு. ஒரே ஒரு சுத்து, நாலு தட்டு ஒரு அளவுன்னா 12 அளவுதான். விரலோட்டம் காட்டல, அலட்டல் இல்ல. நாலஞ்சு சுரத்த வச்சுப் பேசிட்டு உக்காந்துருவாரு. அந்நேரம் பில்லி மொகத்தப் பாருங்க. ரெண்டு பேரும் பழைய சிநேகிதம். 1959-ல நாலு மாச இடைவெளியில ரெண்டு பேருமே இறந்துட்டாக.

மண்டபம் வாசகர்:
ராஜரத்தினம் பிள்ளை தோடி கேட்ட காதுக்கு இதெல்லாம் எடுபடுமா?

தொண்டிப் பேத்தி:
அண்ணே, அந்தத் தோடிய நோட்டப் பாத்தா வாசிச்சாக? அந்தந்த நிமிசத்துல வர்றதுதான. அதே காது போதும்.

பாம்பன்காரன்:
என் கதை சின்னது. சாக்ஸ்காரர் ஜான் கோல்ட்ரேன் 'எ லவ் சுப்ரீம்' ரெக்கார்டு பதிவு பண்ணது 1964 டிசம்பர் 9. அதுக்கு 13 நாள் கழிச்சு, 22 ராத்திரி புயல்ல தனுஷ்கோடி போச்சு. எங்க அய்யா அதுல தப்பி வந்தவரு. தேதியப் பாத்ததும் சும்மா ஒரு ஆர்வத்துல போட்டேன். கடைசிப் பகுதிக்குப் பேரு 'சாம்'. தங்கச்சிமடம் அண்ணனுக்குத் தெரியும், திருப்பாடல்னு சொல்றமே, அந்தச் சொல்லு. கோல்ட்ரேன் தானே எழுதுன செபத்த வாயால சொல்லாம, சொல்லுக்குச் சொல்லு சாக்ஸ்ல வாசிக்கிறாரு. அது தெரியாமலே முதல் தடவ கேக்கையில, யாரோ முணுமுணுக்கிறாகன்னு எனக்குப் பட்டுச்சு.

தொண்டித் தங்கச்சி சொன்ன வீடியோவ சாயங்காலம் போட்டேன். எதிர்த்த வீட்டு மாமாவும் திண்ணையில வந்து உக்காந்தாரு. முடியிற வரைக்கும் வாயே தெறக்கல. அப்புறம் கேக்குறாரு, "ரெண்டாவதா எந்திரிச்சவன் ஏன்யா அதுக்குள்ள நிறுத்திட்டான்?"