வெண்ணாற்றங்கரை குடும்பம்: கயலின் மைனர் பாடம்

கயல்: எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் மைனர் பாடம் எது என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கணும். மேஜர் பொருளாதாரம். கூடவே சுற்றுச்சூழல் எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அப்புறம் கல்யாண வீட்டில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள்.

ரமேஷ் மாமா: காலை வணக்கம் 🙏🌹

ரமேஷ் மாமா: மைனர் என்றால் அரை டிகிரியா பாப்பா?

கயல்: இல்லை மாமா. உங்கள் காலத்தில் அலைடு என்று துணைப் பாடம் இருந்ததே, கிட்டத்தட்ட அதுதான், கொஞ்சம் கனம் கூட. யுஜிசி 2022-ல் கொண்டுவந்த முறைப்படி மூன்று வருட டிகிரிக்கு 120 கிரெடிட், அதில் 24 மைனருக்கு. நான்காவது வருடமும் படித்தால் 160-ல் 32.

அருண்: இ.வி.எஸ். என்கிற சுற்றுச்சூழல் பேப்பர்தானே? முதல் நாள் ராத்திரி கைடு வாங்கிப் படித்தே நான் பாஸ். அதை ஏன் மூன்று வருடம் இழுக்கணும்?

கயல்: அது கட்டாயப் பேப்பர். எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்தது. ஓசோன், மரம் நடுதல், பரீட்சை, முடிந்தது கதை. நான் எடுக்கப்போகிற மைனரில் சட்டம் ஒரு துறையில், தாவரவியல் ஒரு துறையில், செயற்கைக்கோள் வரைபடம் புவியியலில், கடைசியில் களப்பணி. மூன்று துறை வாத்தியார்களும் மூன்று பக்கம் இழுப்பார்கள், அலைச்சல் அதிகம் என்று சீனியர் அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

அருண்: டேட்டா சயின்ஸ் எடு. நாளைக்கு எனக்கு நன்றி சொல்வாய்.

அருண்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலதி அத்தை: எதைடா நீக்கினாய், நான் படித்துவிட்டேன். சின்னப் பெண்ணை அப்படியா பேசுவது.

பெரியப்பா: 📷 வாய்க்கால் தலைப்பு (ஆற்றிலிருந்து பிரிகிற இடம்), இன்று காலை. ஆற்றில் தண்ணீர் போகிறது. நம் பக்கம் வரவில்லை. ஷட்டரை முழுசாகத் தூக்கியாச்சு, முன்னால் வெங்காயத்தாமரை பாய் விரித்த மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கிறது. கொக்கிக் கம்பால் இழுத்தால் ஒரு கட்டு வருகிறது, பின்னாலேயே அடுத்த கட்டு வந்து உட்காருகிறது. நாற்றங்கால் காய்கிறது.

மாலதி அத்தை: போன வருஷம்தானே ஜேசிபி விட்டு அள்ளினார்கள் அண்ணா?

பெரியப்பா: அள்ளிக் கரையிலேயே போட்டார்கள். மழையில் பாதி திரும்ப உள்ளே.

கயல்: பெரியப்பா, நான் படிக்கப் போவதே இதைத்தான். அந்தச் செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்குத் தீனி யூரியாவும் சாக்கடையும். நாம் வயலில் போட்டு வடிகிற உரம் பாதி, ஊர்க் கழிவுநீர் பாதி. விதை சேற்றில் பல வருஷம் செத்துப்போகாமல் கிடக்கும். அதனால் அள்ளுவது மட்டும் போதாது. சரி, யார் அள்ளுவது? ஆறும் பெரிய வாய்க்காலும் நீர்வளத்துறை. சி, டி என்கிற சின்ன வாய்க்கால்களைத் தூர்வாருவது வேளாண் பொறியியல் துறை. சாக்கடையை விடுவது நகராட்சி. தாவரவியல் படித்தவருக்குச் செடி தெரியும், சட்டம் படித்தவருக்கு யார் பொறுப்பு என்று தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்தால்தான் மனு சரியான மேசைக்குப் போகும்.

பெரியப்பா: செடி எதைத் தின்று வளர்கிறது என்று பி.ஏ. படிக்காமல் எனக்கே தெரியும். எந்த ஆபீஸுக்குப் போவது என்றுதான் தெரியவில்லை. போன வாரம் இரண்டு இடத்தில் "இது எங்களுடையது இல்லை" என்றார்கள்.

ரமேஷ் மாமா: களைக்கொல்லி அடித்தால்?

கயல்: செடி சாகும் மாமா. ஆனால் அத்தனையும் தண்ணீருக்குள்ளேயே அழுகி ஆக்சிஜனைக் குடித்துவிடும், மீன் மிதக்கும். கீழே இருக்கிற ஊரில் மாடு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

வேதாரண்யம் சித்தி: உங்களுக்குச் செடியாவது அடைக்கிறது. எங்களுக்கு வருகிறதே கடைசியில். போர்வெல் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது. கஜா புயலுக்கு அப்புறம் இன்னும் மோசம்.

கயல்: சித்தி, இதைக் கேளுங்கள். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்றது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. அதாவது 14.75 குறைத்துவிட்டார்கள். அதில் 10 டிஎம்சி எப்படிப் போனது தெரியுமா? டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறதே என்ற கணக்கில். மீதி 4.75 பெங்களூருக் குடிநீருக்கு.

வேதாரண்யம் சித்தி: எங்கள் ஊர் நிலத்தடி நீரையா கணக்கில் எடுத்தார்கள்? ஒரு டம்ளர் குடித்துப் பார்க்கச் சொல்.

கயல்: மொத்த டெல்டாவுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு சித்தி. தஞ்சாவூர்ப் பக்கம் நல்ல தண்ணீர், உங்கள் பக்கம் உப்பு. எங்கள் பொருளாதார வகுப்பில் டிஎம்சியைப் பங்கு போடக் கற்றுத்தருகிறார்கள். அந்த டிஎம்சி இனிக்குமா கரிக்குமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எனக்கு அதைக் கேட்கணும்.

அருண்: சரி, பாயிண்ட்தான். வேலை?

மாலதி அத்தை: அதைக் கேள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பசுமைப் படை பார்க்கிற ஆசிரியருக்குக் கூட அது கூடுதல் வேலைதான், தனிச் சம்பளம் கிடையாது.

ரமேஷ் மாமா: ஃபாரஸ்ட் ஆபீசர் ஆகலாமே. ஜீப் கொடுப்பார்கள்.

கயல்: ஆக முடியாது மாமா. ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப்பணி) எழுத அறிவியல், வேளாண்மை, பொறியியல் மாதிரி டிகிரி வேண்டும், பொருளாதாரம் செல்லாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளருக்கும் பொறியியல்தான். மைனரை மட்டும் காட்டி யாரும் வேலை தரமாட்டார்கள், அதை மறைக்கவில்லை. சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில் சுற்றுச்சூழல் வரும், அதற்கு உதவும். மேற்படிப்புக்கும் ஒரு வழி திறக்கும். அருண், வரைபட வேலைக்குக் கம்ப்யூட்டர்தான் வேண்டும், உன்னிடம்தான் வந்து நிற்பேன்.

அருண்: பீஸ் வாங்குவேன்.

அப்பாயி: 🎤 (குரல் பதிவு, அப்பா எழுதியது: "படிக்கட்டும்யா. ஆயி, வெயில்ல வரப்புல நடக்கச் சொன்னா தலையில துண்டு போட்டுக்க.")

பெரியப்பா: களப்பணிக்கு வேறு ஊர் தேடாதே. நம் வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கடைமடை வரைக்கும் எடு. எங்கே எவ்வளவு அடைத்திருக்கிறது, எது எந்தத் துறை, வரைபடமாகப் போட்டுக் கொடு. கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடலாம். சும்மா மார்க்குக்கு எழுதுவதாக இருந்தால் நான் நேரம் ஒதுக்க மாட்டேன்.

கயல்: சரி பெரியப்பா. கூடவே போர் தண்ணீரின் உப்பும் பார்க்கணும்.

வேதாரண்யம் சித்தி: எங்கள் தண்ணீரும் கொண்டு வரவா? மண் பரிசோதனை நிலையத்தில் பார்ப்பார்களாமே. பழைய எண்ணெய் பாட்டில் இருக்கிறது.

கயல்: ஐயோ, எண்ணெய் பாட்டில் வேண்டாம் சித்தி. தண்ணீர் பாட்டில் எடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, கழுத்து வரைக்கும் பிடித்து மூடுங்கள். மேலே தேதி, போர் எத்தனை அடி, சர்வே நம்பர் எழுதி ஒட்டுங்கள்.

வேதாரண்யம் சித்தி: சர்வே நம்பர் உன் சித்தப்பாவுக்குத்தான் தெரியும். அவர் உப்பளத்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டுப் போடுகிறேன்.