ஷூபர்ட் வெரைட்டி: 4-க்குச் சரி, 5-க்குப் போனதும் எண்ணிக்கை தப்பாக வருகிறது

கேள்வி

வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்டுக்காகப் பைத்தானில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய கோடு, தளம் போன்ற உள்வெளிகளின் அடுக்குதான் ஃபிளாக் (கொடி); எல்லாக் கொடிகளும் சேர்ந்தது ஃபிளாக் வெரைட்டி. அதில் மேல் முக்கோண அணிகளின் ஆர்பிட்டுகளுக்கு (அந்த அணிகள் ஒரு கொடியைக் கொண்டுபோகும் இடங்களின் தொகுப்புக்கு) மூடல் எடுத்தால், அதாவது எல்லைப் புள்ளிகளையும் சேர்த்தால், வரிசைமாற்றத்துக்கு ஒன்றாக ஷூபர்ட் வெரைட்டிகள் கிடைக்கும். அவற்றில் எத்தனை ஸ்மூத் (கூர்முனை போன்ற கோளாறான புள்ளி இல்லாதவை) என்று எண்ண வேண்டும். நம்பியிருப்பது 1990-ல் வந்த லட்சுமிபாய், சந்தியா தேற்றத்தை: வரிசைமாற்றத்துக்குள் 3412, 4231 என்ற இரண்டு வடிவமும் (நான்கு எண்களின் பெரிது சிறிது அமைப்பு) இல்லை என்றால் ஸ்மூத், ஒன்று இருந்தாலும் சிங்குலர், அதாவது ஸ்மூத் இல்லை.

4 எண்களுக்கு 24-ல் 22 வருகிறது, சரி. 5-க்கு 88 வர வேண்டும், எனக்கு 102. இரண்டு நாளாக மண்டை காய்கிறது. வரிசையை நான்கு நான்கு எண்ணாக வெட்டி வடிவம் பார்க்கிறேன். எங்கே தப்பு?

மறுமொழி 1

வெட்டுகிற இடத்தில்தான். 52341-ஐக் கொடுத்துப் பாருங்கள், உங்கள் நிரல் ஸ்மூத் என்று சொல்லும். ஆனால் 5, 2, 3, 1 ஆகியவற்றை மட்டும் எடுத்தால் அது 4231 வடிவம்; நடுவில் 4 வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எண்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை, முன்பின் வரிசை மாறாமல் இருந்தால் போதும். இப்படி 14 தப்பித்திருக்கின்றன. 4 எண்களை வெட்ட ஒரே வழிதான் என்பதால் அங்கே 22 சரியாக வந்து உங்களை ஏமாற்றிவிட்டது. எல்லா நான்கெண் தேர்வுகளையும் சுற்றுங்கள்.

கேட்டவர்

88 வந்துவிட்டது, 6-க்கு 366. ரொம்ப நன்றி! ஆனால் 4231 ஏன் சிங்குலர் என்று வைவாவில் கேட்டால் முழிப்பேன். தேற்றத்தை ஒப்பிக்கத்தான் தெரிகிறது.

மறுமொழி 2

தம்பி, இதைப் படமாகவே பார்த்துவிடலாம். 4231-இன் வெரைட்டியில் ஒரே நிபந்தனை: நான்கு பரிமாண வெளியில், கொடியின் இரு பரிமாண உள்வெளி, நிலையான ஒரு தளத்தைக் குறைந்தது ஒரு கோட்டிலாவது வெட்ட வேண்டும். நிலையான தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தளம் ஒவ்வொன்றையும் ஒரு 2×2 அணியாக எழுதலாம். வெட்ட வேண்டும் என்றால் அந்த அணியின் அணிக்கோவை 0. நான்கு மாறிகளில் ஒரு சமன்பாடு, அதுவும் இருபடி. இரண்டு தளமும் ஒன்றே ஆகும் இடத்தில் அணி 0, வகைக்கெழுக்களும் எல்லாம் 0. கூம்பின் முனை அது. வெரைட்டியின் பரிமாணம் 5, அங்கே தொடுவெளிக்கோ 6; ஸ்மூத் என்றால் இரண்டும் சமமாக இருந்திருக்கும். தாளில் ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

நிரலைச் சரிபார்க்க இன்னொரு வழி: வரிசைமாற்றத்துக்குக் கீழே உள்ளவற்றை, அதாவது அதன் வெரைட்டிக்குள் அடங்கும் வெரைட்டிகளின் வரிசைமாற்றங்களை, நீளவாரியாக (பெரிய எண் முன்னால் வரும் ஜோடிகள் எத்தனை என்பதே நீளம்) எண்ணுங்கள். 4231-க்கு 1, 3, 5, 6, 4, 1. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இல்லை, ஆகவே சிங்குலர்.

மறுமொழி 1

அந்தச் சோதனையை வேறு குழுக்களுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 4 பரிமாண வெளியின் சிம்ப்ளெக்டிக் குழுவில் (ஓர் எதிர்சமச்சீர் பெருக்கத்தை மாற்றாத அணிகளின் குழு) 1, 2, 2, 1 என்று அழகாக வரும் ஒரு வெரைட்டி சிங்குலர்தான்.

மறுமொழி 2

உண்மை. இன்னொன்று: 1234-க்கு உங்கள் நிரலில் எது கிடைக்கிறது? ஒற்றைப் புள்ளி என்றால் 3412, 4231 சரி. சிலர் தலைகீழாக வைத்து 1234-க்கு முழு ஃபிளாக் வெரைட்டியையும் கொடுப்பார்கள். அப்போது தவிர்க்க வேண்டியவை 2143, 1324. இரண்டு முறையிலும் 22, 88, 366 என்றுதான் வரும், ஆகவே எண்ணிக்கையை வைத்து இந்தத் தப்பைப் பிடிக்க முடியாது.

கேட்டவர்

ஐயோ. கைடு கொடுத்த குறிப்பில் 1324, 2143 என்றுதான் இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து நானே பேனாவால் அடித்துத் திருத்தி வைத்திருக்கிறேன்.