ஜெர்மனி வந்து 9 நாள் ஆச்சு, பேங்க் அக்கவுண்ட் இல்லாம ப்ளாக்ட் அக்கவுண்ட் காசு வரமாட்டேங்குது, எந்த பேங்க் போறது?

கெம்னிட்ஸ்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். மாஸ்டர்ஸ் படிக்க கெம்னிட்ஸ் வந்து இன்னையோட ஒன்பது நாள் ஆச்சு, ஊர் விருதுநகர் பக்கம். விசாவுக்காக ப்ளாக்ட் அக்கவுண்ட்ல 11,904 யூரோ கட்டிட்டு தான் வந்தேன், மாசம் 992 யூரோ வரும். ஆனா அது வந்து விழணும்னா இங்க என் பேர்லயே ஒரு சாதாரண அக்கவுண்ட், இவங்க கீரோகோன்டோன்னு சொல்றாங்களே அது, இருக்கணுமாம், அதோட ஐபான்ங்கற அக்கவுண்ட் நம்பரை குடுத்தா தான் முதல் மாச காசே ரிலீஸ் ஆகும்னுட்டாங்க. கையில 310 யூரோ இருக்கு, அவ்ளோதான்.

இப்ப ஒரு சீனியர் ரூம்ல தங்கியிருக்கேன், ஹாஸ்டல் ரூம் ஒண்ணாம் தேதி தான் கிடைக்கும். போன வாரம் ஒரு ஆன்லைன் பேங்க்ல அப்ளை பண்ணேன், வீடியோ கால்ல பாஸ்போர்ட்டை அப்படி இப்படி திருப்பி காட்ட சொல்லிட்டு கடைசில சர்நேம் இடம் காலியா இருக்கு, வெரிஃபை பண்ண முடியாதுன்னு கட் பண்ணிட்டாங்க. எனக்கு பாஸ்போர்ட்ல என் பேரும் அப்பா பேரும் சேர்ந்து கிவன் நேம்லயே இருக்கு, நம்ம ஊர்ல நிறைய பேருக்கு அப்படித்தானே இருக்கும். இன்னொரு பேங்க்ல இருந்து ஒரே வரில ரிஜெக்ட் மெயில், காரணம் கூட சொல்லல.

டெலிகிராம் குரூப்ல ஒருத்தர் 150 யூரோ குடுத்தா அட்ரஸ் ரிஜிஸ்டர் பண்ண பேப்பர் தரேன்ங்கறார். இன்னொருத்தர், உங்க அப்பாவை என் தங்கச்சி அக்கவுண்ட்ல ரூபாய் போட சொல்லுங்க, நான் இங்க யூரோவா தரேன், பேங்க் ரேட்டை விட நல்ல ரேட்டுன்னு சொல்றார். அப்பா தினமும் போன்ல காசு வந்துச்சா வந்துச்சான்னு கேக்கறாங்க, லோன் எடுத்த காசு அது. எந்த பேங்க் போகலாம், எதை முதல்ல செய்யணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

எல்பே_கரை:

தம்பி முதல்ல அந்த டெலிகிராம் ஆளுங்க ரெண்டு பேருக்கும் பதில் போடாத. நான் 2019ல மாக்டபர்க்ல படிக்க வந்தேன், இப்ப டிரெஸ்டன்ல வேலை. எந்த பேங்க்னு யோசிக்கறதுக்கு முன்னாடி ஆன்மெல்டுங்கை முடி, அதாவது நீ இந்த அட்ரஸ்ல குடியிருக்கேன்னு பியூர்கர்ஆம்ட் ஆபீஸ்ல பதியறது. சட்டப்படி குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள பதியணும். அதுக்கு வீடு குடுத்தவர் கையெழுத்து போட்ட ஒரு ஃபார்ம் வேணும், வோனுங்ஸ்கேபர் பெஷ்டேடிகுங்னு பேரு, ஹாஸ்டல்னா சாவி வாங்கறப்பவே கேட்டு வாங்கிக்க, வாடகை கான்ட்ராக்ட் மட்டும் கொண்டு போனா திருப்பி அனுப்பிடுவாங்க, எனக்கு அப்படி ஒரு அப்பாயின்ட்மெண்ட் வீணாச்சு. ஹவுஸ் ஓனர் சம்மதத்தோட உன் சீனியர் உனக்கு ரூம் விட்டிருந்தா அவரே அந்த ஃபார்ம்ல கையெழுத்து போடலாம், ஒண்ணாம் தேதி ஹாஸ்டல் போனதும் மறுபடி அட்ரஸ் மாத்திக்கலாம், ரெண்டு தடவை அலைச்சல் தான் ஆனா ரெண்டு வாரம் மிச்சம். அப்பாயின்ட்மெண்ட் இல்லன்னு வெப்சைட் காட்டினா காலைல ஆபீஸ் திறக்கற நேரத்துல மறுபடி பாரு, கேன்சல் ஆன ஸ்லாட் வரும்.

அது கையில வந்ததும் நேரா ஊர்ல இருக்கற ஷ்பார்காஸ இல்ல ஃபோல்க்ஸ்பாங்க் கிளைக்கு நடந்து போ. ஆன்லைன் பேங்க் எல்லாம் நல்லது தான், சார்ஜ் கம்மி, ஆனா உன் பாஸ்போர்ட்ல பேரு இப்படி இருக்கறப்ப ஒரு மனுஷன் எதிர்ல உக்காந்து பாஸ்போர்ட்டை கையில வாங்கி பாத்தா தான் வேலை நடக்கும், வீடியோல இருக்கறவருக்கு ஸ்க்ரீன்ல ரெண்டு கட்டமும் நிரம்பலன்னா அடுத்த பக்கமே போகாது. ஷ்பார்காஸன்னா நம்ம ஸ்டேட் பேங்க் மாதிரி ஒரே பேங்க்னு நினைச்சுடாத, ஒவ்வொரு ஊருக்கும் ஜில்லாவுக்கும் தனித்தனி நிறுவனம், கெம்னிட்ஸ்ல இருக்கறவங்க கெம்னிட்ஸ்ல தான் ஓபன் பண்ணணும், லைப்சிக்ல போய் கேட்டா உங்க ஊருக்கு போங்கன்னுடுவாங்க. ஏடிஎம் மட்டும் நாடு முழுக்க எந்த ஷ்பார்காஸலயும் சார்ஜ் இல்லாம எடுக்கலாம். ஸ்டூடண்ட்டுக்கு பெரும்பாலும் மாசக் கட்டணம் இருக்காது, ஆனா எந்த வயசு வரைக்கும்னு கேட்டுக்க, ஊருக்கு ஊர் மாறும்.

கொண்டு போக வேண்டியது: பாஸ்போர்ட், விசா, யுனிவர்சிட்டி சேர்ந்ததுக்கான சர்டிபிகேட், ஆன்மெல்டுங் பேப்பர். டேக்ஸ் நம்பர் கேப்பாங்க, 11 இலக்கம், ஆன்மெல்டுங் முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல தானா தபால்ல வரும், வந்ததும் தரேன்னு சொன்னா ஏத்துக்குவாங்க.

ஒண்ணு மறந்துடாத, லெட்டர் பாக்ஸ்ல உன் பேரை ஒட்டு. கார்டு ஒரு கவர்ல, பின் நம்பர் வேற ஒரு நாள் வேற கவர்ல, ஆன்லைன் பேங்கிங் ரகசிய எண் இன்னொரு கவர்ல வரும். பேரு இல்லாத பெட்டில தபால்காரர் போட மாட்டார், திரும்பி போயிடும், பேங்க்ல நீ அந்த அட்ரஸ்ல இல்லன்னு குறிச்சுக்குவாங்க. என் ரூம்மேட்டுக்கு இதனாலயே மூணு வாரம் போச்சு.

வடமராட்சி_ஹாம்:

தம்பி, நான் ஹாம் பக்கம் இருக்கிறன், ஜேர்மனிக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுது. உம்மட கதையை வாசிக்க எங்கட ஆரம்ப நாள் தான் ஞாபகம் வருது. அப்ப கையில டுல்டுங் எண்ட, நாட்டை விட்டு அனுப்பிறதைத் தற்காலிகமா நிப்பாட்டி வைக்கிற கடதாசி மட்டும் தான், கொன்ரோ, அதான் வங்கிக் கணக்கு, திறக்கப் போனா அதைப் பாத்திட்டு ஏலாது எண்டு அனுப்பிப் போடுவினம். ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவின சம்பளத்தை இன்னொரு பொடியன்ர கொன்ரோவுக்குப் போடுவிச்சு அவனிட்ட வாங்கித்தான் வீட்டு வாடகை கட்டினனான். அவன் நல்லவன், ஒரு சதம் குறைக்கேல்லை. ஆனா என்ர உழைப்புக்கு என்ர பேரில ஒரு இடம் இல்லை எண்டது பெரிய நோவு.

இப்ப அப்பிடி இல்லை. 2016 ஜூன் 19 இல இருந்து சட்டம் இருக்கு, பாசிஸ்கொன்ரோ எண்டு சொல்லுறது. ஐரோப்பிய ஒன்றியத்தில சட்டப்படி இருக்கிற ஆருக்கும் அடிப்படைக் கணக்கு திறக்க உரிமை இருக்கு, நிரந்தர விலாசம் இல்லாதவைக்கும், தஞ்சம் கேட்டவைக்கும், டுல்டுங்கில இருக்கிறவைக்கும் கூட. பொதுமக்களுக்குக் கணக்குத் திறக்கிற எந்த வங்கியும் இதைத் தரவேணும். அதுக்கெண்டு ஒரு படிவம் இருக்கு, பாஃபின் எண்ட வங்கிக் கண்காணிப்பு நிறுவனத்தின்ர இணையத்தில எடுக்கலாம். நிரப்பிக் குடுத்தா 10 வேலைநாளுக்குள்ள முடிவு சொல்லவேணும், இல்லையெண்டா காரணத்தை எழுத்தில தரவேணும், பிறகு நீர் பாஃபினுக்கு எழுதலாம்.

குறை என்னெண்டா கடனா மைனசில போக விடமாட்டினம், மாசக் கட்டணமும் மாணவர் கணக்கை விடக் கூட இருக்கும். கட்டணம் நியாயமா இருக்கவேணும் எண்டும் சட்டத்தில இருக்கு, 2020 இல ஒரு பெரிய வங்கி மாசம் 8.99 யூரோ வாங்கினது கூட எண்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆனபடியா முதல்ல மாணவர் கணக்குக் கேளும். ஏலாது எண்டா அவையிட்டக் கெஞ்ச வேண்டாம், பாசிஸ்கொன்ரோ படிவத்தைத் தாங்கோ எண்டு சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்டவுடன எதிர்ல இருக்கிற ஆளின்ர கதையே மாறும். கோயில்ல தொண்டு செய்யேக்க புதுசா வந்த எத்தினையோ பேரோட நான் வங்கிக்குப் போயிருக்கிறன், கண்ணால பாத்தது.

நெக்கார்_மல்லி:

பேரு விஷயத்தை நான் சொல்றேன், ஏன்னா நான் ஷ்டுட்கார்ட் வந்த புதுசுல ரொம்ப பட்டுட்டேன். என் பாஸ்போர்ட்டும் அப்படித்தான், சர்நேம் காலி. ஆன்மெல்டுங்ல ரெண்டு பேரையும் சேர்த்து குடும்பப் பேருன்னு போட்டு முதல் பேரு இடத்துல ஒரு கூட்டல் குறி வெச்சுட்டாங்க, பேங்க்ல அப்பா பேரை குடும்பப் பேரா போட்டாங்க, இன்சூரன்ஸ்ல அதையே தலைகீழா. அப்ப ஒண்ணும் தெரியல. ஆனா 2025 அக்டோபர் 9ல இருந்து யூரோ நாடுகள்ல காசு அனுப்பறப்ப ஐபானும் பேரும் பொருந்துதான்னு அனுப்பறவங்க பேங்க் காட்டியே ஆகணும். பழைய வீட்டு டெபாசிட்டை திருப்பி அனுப்ப ஹவுஸ் ஓனர் அம்மா என் பேரை கான்ட்ராக்ட்ல இருக்கற மாதிரி அடிச்சிருக்காங்க, பேரு பொருந்தலன்னு வார்னிங் வந்ததும் பயந்து நிறுத்திட்டாங்க. அப்புறம் நான் பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்துட்டு போய் காட்டி புரிய வெச்சேன்.

அதனால தம்பி, பேங்க்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உன் பேரை எப்படி டைப் பண்ணியிருக்காங்கன்னு ஸ்க்ரீனை திருப்பி காட்ட சொல்லு, வெக்கப்படாத. ஆன்மெல்டுங் பேப்பர்ல எப்படி இருக்கோ அப்படியே போட சொல்லு, இனிமே யுனிவர்சிட்டி, இன்சூரன்ஸ், பார்ட் டைம் வேலை எல்லா இடத்துலயும் அதே வரிசை. இனிஷியல் போட்டு சுருக்கவே சுருக்காத.

இப்ப அந்த டெலிகிராம் ஆளுங்க. குடியிருக்காத அட்ரஸை பதிய குடுக்கறது சட்டப்படி குற்றம், குடுக்கறவருக்கு 50,000 யூரோ வரைக்கும் அபராதம் போடலாம், பொய்யா பதிஞ்சா உன் மேலயும் நடவடிக்கை வரும். அதை விடு, உன் கார்டு, பின் நம்பர், டேக்ஸ் நம்பர், விசா ஆபீஸ் லெட்டர் எல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுக்கு போகும், யோசிச்சு பாரு.

ரூபாய் யூரோ மாத்தறது இங்க பசங்களுக்குள்ள சாதாரணமா நடக்குது, அதான் எனக்கு பெரிய கவலை. அது நம்ம ஊர் ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணி சட்டப்படி தப்பு, அதோட உனக்கு யூரோ போடறவர் அக்கவுண்ட்ல அந்த காசு எங்க இருந்து வந்துச்சுன்னு உனக்கு தெரியாது. எனக்கு தெரிஞ்ச ஒரு பையனுக்கு இப்படி 900 யூரோ வந்துச்சு, அது ஆன்லைன்ல பழைய கேமரா விக்கறேன்னு யாரையோ ஏமாத்தி வாங்கின காசு. போலீஸ்ல இருந்து லெட்டர், அக்கவுண்ட் முடக்கம், கேஸ் முடியறதுக்குள்ள விசா நீட்டிக்கற தேதி வந்துடுச்சு, அந்த பையன் ராத்திரி எல்லாம் தூங்கல. இங்க பண மோசடி சட்டத்துல, அதாவது குற்றத்துல வந்த காசை கைமாத்தறதை தடுக்கற சட்டத்துல, தெரியாதுன்னு சொன்னா மட்டும் தப்பிக்க முடியாது, ரொம்ப அசட்டையா இருந்ததே குற்றமாகும். ஒரு மாசம் சீனியர்கிட்ட கடன் வாங்கு, யுனிவர்சிட்டி வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல நிலைமையை சொல்லு. அந்த வழிக்கு மட்டும் போகாதப்பா.

ரொட்டிக்கடை_பார்ட்டைம்:

எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க, கார்டு பத்தி மட்டும் சொல்றேன் ப்ரோ. அக்கவுண்ட் ஓபன் பண்றப்ப கீரோகார்டு, அதாவது ஜெர்மனி பேங்குகளோட சொந்த டெபிட் கார்டு, வருமா இல்ல விசா மாஸ்டர்கார்டு டெபிட் மட்டும் வருமான்னு கேளுங்க. நான் வேலை பாக்கற பேக்கரில மெஷின் கீரோகார்டு மட்டும் தான் எடுக்கும், தினமும் யாராச்சும் ஒருத்தர் டெபிட் மாஸ்டர்கார்டை நீட்டிட்டு காசும் இல்லாம நிக்கறாங்க, பாவமா இருக்கும். சின்ன கடை, சில ஆபீஸ், சில டாக்டர்கிட்ட எல்லாம் இப்படித்தான்.

வேற பேங்க் ஏடிஎம்ல எடுத்தா ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு யூரோ போகும், அதுக்கு பதிலா ரேவெ, ஆல்டி மாதிரி சூப்பர்மார்க்கெட்ல பொருள் வாங்கறப்பவே கேஷும் கேட்டு வாங்கலாம், குறைஞ்சது இவ்ளோக்கு வாங்கணும்னு கடைக்கு கடை மாறும். அப்புறம் ஜிம், இன்சூரன்ஸ் எல்லாம் லாஸ்ட்ஷ்ரிஃப்ட்னு அவங்களே அக்கவுண்ட்ல இருந்து எடுத்துக்குவாங்க, தப்பா எடுத்திருந்தா 8 வாரத்துக்குள்ள காரணமே சொல்லாம ஆப்லயே திருப்பி வாங்கலாம். ஆனா நிஜமாவே கட்ட வேண்டிய காசை அப்படி திருப்பிடாதீங்க, வசூல் நோட்டீஸ் வரும், ஷூஃபான்னு கடன் ஒழுங்கா கட்டறோமான்னு பதிஞ்சு வெக்கற கம்பெனி ரெக்கார்டும் கெட்டுப்போகும், அப்புறம் வீடு தேடறப்ப யாரும் குடுக்க மாட்டாங்க.

கெம்னிட்ஸ்_புதுசு:

அப்டேட் போட லேட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. சீனியர் ஹவுஸ் ஓனர்கிட்ட பேசி ஃபார்ம் வாங்கி குடுத்தார், காலைல எட்டு மணிக்கு பாத்ததுல மறுநாளே ஒரு ஸ்லாட் கிடைச்சுது. ஷ்பார்காஸல முதல் நாள் இங்கிலீஷ் பேசறவர் இல்ல, வியாழக்கிழமை வாங்கன்னாங்க. வியாழக்கிழமை ஒரு மேடம் முக்கால் மணி நேரம் உக்காந்து பொறுமையா செஞ்சு குடுத்தாங்க. மல்லி அக்கா சொன்ன மாதிரி ஸ்க்ரீனை காட்ட சொன்னேன், அப்பா பேரை விட்டுட்டு என் பேரை மட்டும் ரெண்டு தடவை போட்டிருந்தாங்க, ஆன்மெல்டுங் பேப்பரை வெச்சு மாத்திட்டாங்க. கேக்காம இருந்திருந்தா அப்படியே போயிருக்கும். அண்ணா, பாசிஸ்கொன்ரோ படிவம் பிரிண்ட் எடுத்து பையில வெச்சிருந்தேன், எடுக்க வேண்டி வரல, ஆனா அது இருந்ததால தான் தைரியமா உக்காந்திருந்தேன். பின் நம்பர் கவர் சனிக்கிழமை வந்துச்சு, நேத்து 992 யூரோ விழுந்துச்சு. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினதும் அப்பா போன்ல கொஞ்ச நேரம் பேசவே இல்ல. சீனியர்கிட்ட வாங்கின 200 யூரோவை முதல்ல குடுத்துட்டேன்.

இன்னொரு கேள்வி, ஊர்ல என் பேர்ல இருக்கற சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ன பண்றது? அப்படியே விட்டா பிரச்சனையா?

நெக்கார்_மல்லி:

ரொம்ப சந்தோஷம்ப்பா. படிக்க வந்திருந்தாலும் ஃபெமா கணக்குல நீ இப்ப என்ஆர்ஐ தான், ரிசர்வ் பேங்க் 2003லயே ஸ்டூடண்ட்ஸையும் அப்படித்தான் எடுத்துக்கணும்னு சொல்லிடுச்சு. அதனால அந்த சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓவா, அதாவது என்ஆர்ஐ இந்தியாவுல இருக்கற காசை வெக்கற அக்கவுண்ட்டா, மாத்த சொல்லி உங்க பிராஞ்ச்சுக்கு எழுதி குடு, பாஸ்போர்ட், விசா, இங்கத்து அட்ரஸ் காப்பி கேப்பாங்க, உன் ஆன்மெல்டுங் பேப்பர் ஜெர்மன்ல இருக்கறதால என்ன ஏத்துக்குவாங்கன்னு முன்னாடியே மெயில்ல கேட்டுக்க. அப்பா பேர்ல இருக்கற அக்கவுண்ட்டுக்கு எதுவும் செய்ய வேணாம். இங்க வேலைக்கு போனதும் நீ ஊருக்கு சேத்து வெக்கற காசுக்கு என்ஆர்இ தனியா ஓபன் பண்ணலாம், அதோட வட்டிக்கு இந்தியாவுல டேக்ஸ் இல்ல ஆனா ஜெர்மனில கணக்கு காட்டணும், வருஷத்துக்கு 1,000 யூரோ வரைக்கும் வட்டி வருமானத்துக்கு இங்க விலக்கு இருக்கு. ஊர் சிம்மை மட்டும் கட் ஆக விடாத, மாத்தற வேலை முடியற வரைக்கும் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்கு தான் வரும்.